வெளி சிக்னல் வந்தால் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும்: வயர் அறுந்தால் இஎம்எஸ் என்ன செய்யும்?

மின்னோடை:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சின்னப் பணிமனை, த்ரீ பேஸ் இணைப்பு. 11 கிலோவாட் கார் சார்ஜர் இரண்டு, ஒரு வெப்ப பம்ப், அப்புறம் விளக்கு, கம்ப்யூட்டர், சில்லறை மெஷின்கள். மெயின் மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டர் மாட்டி, ஆர்எஸ்485 வயர் வழியாக மோட்பஸில் (கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) படிக்கிறேன். இஎம்எஸ், அதாவது எதற்கு எவ்வளவு மின்சாரம் என்று கட்டுப்படுத்தும் நிரல், ஒரு சிறிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

மின் விநியோக நிறுவனம் இப்போது ஒரு பெட்டி வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு ரிலே கான்டாக்ட் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின் தொடுமுனை) வருகிறது. கான்டாக்ட் மூடினால் கிரிட்டிலிருந்து எடுப்பது மொத்தம் 12 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. திறந்திருந்தால் கட்டுப்பாடு இல்லை. இதை இஎம்எஸ்ஸின் டிஜிட்டல் உள்ளீட்டில் கோர்த்து ஒரு விதி எழுதினேன்: உள்ளீடு 1 ஆனால் இரண்டு சார்ஜரையும் 6 ஆம்பியருக்கு இறக்கு.

மூன்று தொல்லைகள். 6 ஆம்பியருக்கு இறங்கிய பிறகும் மீட்டர் 13 கிலோவாட்டுக்கு மேலே நிற்கிறது. கான்டாக்ட் திறந்திருக்கும்போதே, சார்ஜர் ஓடும் நேரத்தில் உள்ளீடு 0, 1, 0 என்று துள்ளுகிறது. போன வாரம் இஎம்எஸ் உறைந்து போனது. சார்ஜர்கள் கடைசியாகக் கேட்ட 16 ஆம்பியரிலேயே இரவு முழுக்க ஓடின. நல்லவேளை, அன்றைக்குக் கட்டுப்பாட்டு சிக்னல் வரவில்லை.

எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

ரிலேக்காரர்:

முதல் தொல்லை வெறும் கணக்கு. த்ரீ பேஸில் 230 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 3 × 230 × 6 = 4,140 வாட். இரண்டு சார்ஜருக்கு 8.28 கிலோவாட். வெப்ப பம்பும் கட்டடமும் சேர்ந்து எவ்வளவு எடுக்கின்றன என்று சொல்லவில்லை. 5 கிலோவாட் என்று வைத்தால் மொத்தம் 13.28. மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது.

6 ஆம்பியருக்குக் கீழே இறக்க முடியுமா என்றால் முடியாது. ஐஈசி 61851 தரப்படி காருக்கும் சார்ஜருக்கும் நடுவே ஓடும் கன்ட்ரோல் பைலட் சிக்னலில் சொல்லக்கூடிய குறைந்தபட்சமே 6 ஆம்பியர்தான். அதற்குக் கீழே வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். ஆகவே "இரண்டையும் 6-க்கு இறக்கு" என்ற விதியே தவறு. 12-இல் 5 போனால் 7 மிச்சம். ஒரு சார்ஜரை நிறுத்திவிட்டு மற்றதை 10 ஆம்பியரில் ஓட்டினால் 6.9 கிலோவாட், மொத்தம் 11.9. கால் மணிக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றி மாற்றி விடுங்கள். இரண்டு காருக்கும் கிடைக்கும்.

மூன்றாவது தொல்லைதான் உண்மையான தொல்லை. அதைத் தனியாக எழுத வேண்டும். ராத்திரி வருகிறேன்.

தாமிரத்தந்தி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சார்ஜருக்கு நாம் அனுப்புவது ஆம்பியர். நிறுவனம் கேட்பது வாட். நடுவே வோல்டேஜ் இருக்கிறது, அது ஒரே இடத்தில் நிற்காது. 238 வோல்ட் வந்தால் அதே 10 ஆம்பியர் 7.14 கிலோவாட் ஆகிவிடும், மொத்தம் 12.14. எல்லையைத் தாண்டியாச்சு. 230 என்று நிரலில் கையால் எழுதி வைக்காதீர்கள். மீட்டரே மூன்று பேஸின் வோல்டேஜையும் தருகிறது. அதை எடுத்து, வரும் ஆம்பியரைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். அப்போது 9 ஆம்பியர் வரும்.

இது நுணுக்கம் பார்ப்பதல்ல. ஜெர்மனியில் எரிசக்திச் சட்டத்தின் 14ஏ பிரிவுப்படி 2024 ஜனவரி 1 முதல் புதிதாக இணைக்கும் சார்ஜர், வெப்ப பம்ப் போன்றவற்றை, நெட்வொர்க் நெருக்கடியில் 4.2 கிலோவாட் வரை குறைக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். த்ரீ பேஸ் 6 ஆம்பியர் 4.14 கிலோவாட், மயிரிழையில் உள்ளே வருகிறது. வோல்டேஜ் 234 ஆனால் 4,212 வாட், வெளியே போய்விடுகிறது.

மின்னோடை:

கட்டடமும் வெப்ப பம்பும் சேர்ந்து ஏறக்குறைய 5 தான், சரியாகக் கணித்திருக்கிறீர்கள். விதியை மாற்றிவிட்டேன்: மீட்டர் அளவைப் பார்த்து மிச்சத்தைப் பங்கிடுகிறது. இன்றைக்குக் கையால் கான்டாக்டை ஜம்பர் போட்டு, அதாவது இரண்டு முனையையும் துண்டு வயரால் இணைத்துப் பார்த்தேன், 11.4-இல் நின்றது. 

துள்ளல் மட்டும் அப்படியே இருக்கிறது. மல்டிமீட்டரில் அந்த இரண்டு வயருக்கு நடுவே 40 வோல்ட் ஏசி காட்டுகிறது! கான்டாக்ட் திறந்துதான் இருக்கிறது.

ஈரிழை:

அந்த 40 வோல்ட் பேய் வோல்டேஜ். உங்கள் கன்ட்ரோல் வயரும் சார்ஜர் கேபிளும் ஒரே குழாயில் போகின்றனவா? திறந்த கான்டாக்டில் வயர் அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்துக் கேபிளிலிருந்து கெபாசிட்டன்ஸ் வழியாக ஏறிக்கொள்ளும். மல்டிமீட்டரின் உள் தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அதைக் காட்டுகிறது. ஒரு சின்ன பல்பை நடுவில் வைத்தால் பூஜ்யம் ஆகிவிடும்.

உங்கள் போர்டின் உள்ளீடு மைக்ரோகன்ட்ரோலர் பின்னுக்கு நேராகப் போகிறது என்று நினைக்கிறேன். அது மல்டிமீட்டரைப் போலவே எதையும் நம்பும். நடுவே 24 வோல்ட் டிசி போட்டு, ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் சில்லு) உள்ள உள்ளீடாக மாற்றுங்கள். பிஎல்சிகளில் (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள்) 24 வோல்ட் உள்ளீடு 5 வோல்ட்டுக்குக் கீழே 0, 15-க்கு மேலே 1 என்று எடுப்பது இதற்காகத்தான். சில மில்லி ஆம்பியர் ஓடினால்தான் அது 'மூடியது' என்று ஒத்துக்கொள்ளும். பேய் வோல்டேஜால் அந்தக் கரண்டைத் தர முடியாது. அந்தச் சிறு கரண்டில் இன்னொரு நன்மையும் உண்டு: வருஷத்தில் பத்து முறை மட்டும் மூடும் கான்டாக்டில் படியும் ஆக்சைடைத் தாண்டவும் அது தேவை.

வயரைத் தனிக் குழாயில் முறுக்கு ஜோடியாகப் போடுங்கள். நிரலில் ஒரு விநாடி வடிகட்டி வையுங்கள். ஆனால் வயரிங்கைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள். 

ரிலேக்காரர்:

மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நான்கு சார்ஜர்கள். இஎம்எஸ் பெட்டியின் மெமரி கார்டு நிரம்பி, நிரல் அப்படியே நின்றுவிட்டது. கொடுமை என்னவென்றால் திரையில் எல்லாமே பச்சை. கடைசியாகப் படித்த எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தது. சார்ஜர்கள் கடைசிக் கட்டளையான 32 ஆம்பியரைப் பிடித்துக்கொண்டு ஓடின. கட்டுப்பாட்டு சிக்னல் வந்தது, கான்டாக்ட் மூடியது, கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் மெயின் ஃபியூஸ் போய் முழுக் கட்டடமும் இருண்டது. காலையில் நான் போய் கான்டாக்டைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. ரிலே நன்றாக இருந்தது. வயரும் நன்றாக இருந்தது. அரை நாள் தவறான இடத்தில் தேடினேன்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: சிக்னல் வந்தால் என்ன ஆகும் என்பதல்ல, சத்தமே வராவிட்டால் என்ன ஆகும்? பெட்டியிலிருந்து இஎம்எஸ் வரை ஒரு கண்ணி, இஎம்எஸ்ஸிலிருந்து மீட்டர் வரை ஒரு கண்ணி, இஎம்எஸ்ஸிலிருந்து ஒவ்வொரு சார்ஜர் வரை ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் எதிர்ப்பக்கம் மௌனமானால் தானாக எந்த நிலைக்கு இறங்க வேண்டும் என்பது அந்தந்தக் கருவிக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும். இஎம்எஸ்ஸில் அல்ல, கருவிக்குள்.

உங்கள் சார்ஜரில் 'தொடர்பு அறுந்தால் இந்த ஆம்பியர்' என்று ஓர் அமைப்பு இருக்கும், பாருங்கள். காலக்கெடு 60 விநாடி போதும். மதிப்பு எவ்வளவு வைப்பீர்கள்? பலரும் இரண்டிலும் 6 வைப்பார்கள். உங்கள் இடத்தில் அதுவே 13.28 ஆகிறது என்று மேலே பார்த்தோம். தனித்தனியாகப் பத்திரமான மதிப்புகள் சேர்ந்தால் பத்திரமில்லை. ஒன்றில் 6, மற்றதில் 0 வையுங்கள். 5 + 4.14 = 9.14. வோல்டேஜ் ஏறினாலும் இடமிருக்கிறது.

தாமிரத்தந்தி:

காலக்கெடு பற்றி ஓர் எச்சரிக்கை, நான் அடிபட்டுக் கற்றது. காலக்கெடு முடிந்தால் *எதற்குத்* திரும்புகிறது என்று படியுங்கள். சன்ஸ்பெக் முறைப்படி பேசும் சோலார் இன்வெர்ட்டர்களில் உற்பத்தியைச் சதவீதத்தில் குறைக்கும் ரெஜிஸ்டரும் (மதிப்பை எழுதும் நினைவக இடம்), அதற்குப் பக்கத்தில் 'திரும்பும் நேரம்' என்று இன்னொன்றும் இருக்கும். அதில் 60 போட்டால் 60 விநாடி கழித்துக் கட்டுப்பாடு *நீங்கிவிடும்*. நான் நினைத்ததற்கு நேர் எதிர். இரண்டுக்கும் பேர் காலக்கெடுதான். ஒன்று பத்திரமான இடத்துக்கு இறக்கும், மற்றது அவிழ்த்து விட்டுவிடும்.

அடுத்தது, கட்டளையை எவ்வளவு அடிக்கடி எழுதுகிறீர்கள் என்பது. சில கருவிகள் வரும் ஒவ்வொரு மதிப்பையும் நிலையான நினைவகத்தில் பதிந்துகொள்ளும். ஈஈபிராம் வகை நினைவகம் வழக்கமாக ஒரு லட்சம் தடவை எழுதத் தாங்கும். 5 விநாடிக்கு ஒருமுறை எழுதினால் ஒரு நாளைக்கு 17,280 தடவை. ஆறு நாள்கூடத் தாங்காது. கையேட்டில் 'தற்காலிக மதிப்பு' என்று வேறு ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று தேடி, அதில்தான் எழுத வேண்டும்.

சார்ஜர் ஓசிபிபியில் (சார்ஜரும் கட்டுப்பாட்டு மையமும் பேசிக்கொள்ளும் முறை) பேசினால் இன்னும் வசதி. மொத்த உச்ச எல்லையைச் சார்ஜருக்குள்ளேயே ஒரு புரொஃபைலாக உட்கார வைத்துவிடலாம். இணைப்பு போனாலும் அது அங்கேயே இருக்கும்.

வெயில்கூரை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே பெட்டி, ஆனால் எதிர்த்திசை. சோலார் கிரிட்டுக்குத் தள்ளுவதைக் குறைக்க நான்கு கான்டாக்ட்: 100, 60, 30, 0 சதவீதம். 60-இலிருந்து 30-க்கு மாறும்போதெல்லாம் இன்வெர்ட்டர் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகு மெதுவாக 30-க்கு ஏறுகிறது. ஏன்?

ஈரிழை:

ஒரு ரிலே விட்டு அடுத்தது பிடிக்கும் நடுவே சில மில்லிவிநாடி நான்குமே திறந்திருக்கும். உங்கள் இஎம்எஸ் 'எதுவும் மூடவில்லை' என்பதை 0 சதவீதம் என்று உடனே எடுத்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூடியிருக்கும் நிலையும் வரலாம். நான்கு கான்டாக்டுக்குப் பதினாறு சேர்க்கைகள், அதில் சரியானவை நான்கே. மீதி பன்னிரண்டில் எது வந்தாலும் முதல் இரண்டு விநாடிக்குப் பழைய மதிப்பைப் பிடித்துக்கொள். அதற்கு மேலும் நீடித்தால்தான் கோளாறு என்று எடுத்துக்கொள். இரண்டு மூடியிருந்தால் சிறியதை எடு.

இன்னொன்றையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். 60 சதவீதம் என்பது எதில்? இப்போதைய உற்பத்தியில் அல்ல, நிறுவிய திறனில். 30 கிலோவாட் இருந்தால் 18. அந்த 18 இன்வெர்ட்டர் முனையிலா, கிரிட் இணைப்பு முனையிலா? இணைப்பு முனை என்றால் உள்ளே 5 கிலோவாட் செலவாகும்போது 23 வரை உற்பத்தி செய்யலாம். மேகமில்லாத நாளில் அது கணிசமான வித்தியாசம்.

வெயில்கூரை:

இரண்டு விநாடி வைத்தேன், விழுவது நின்றுவிட்டது. ஒப்பந்தத்தில் 'இணைப்பு முனையில்' என்றுதான் இருக்கிறது. இத்தனை மாதம் வீணாகக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றி.

மின்னோடை:

சார்ஜரில் அந்த அமைப்பு இருக்கிறது, இத்தனை நாள் பார்க்கவே இல்லை. 6-ம் 0-ம் வைத்துவிட்டேன்.

இனி பெட்டிக் கண்ணி. இப்போது கான்டாக்ட் மூடினால் கட்டுப்பாடு. வயர் அறுந்தால் அது 'திறந்தது', அதாவது 'கட்டுப்பாடு இல்லை'. இதுதானே அபாயம்? ரிலேயில் மூன்று டெர்மினல் இருக்கிறது. வழக்கமாக மூடியிருக்கும் பக்கத்தை எடுத்துவிட்டால் வயர் அறுந்ததும் கட்டுப்பாடு வந்துவிடும். சரியா?

ரிலேக்காரர்:

பாதி சரி. வயர் அறுந்தால் பிடித்துவிடுவீர்கள். ஆனால் அந்த ரிலே கட்டுப்பாட்டு நேரத்தில்தான் இழுக்கிறது. பெட்டிக்கே கரண்ட் போனால் ரிலே இழுக்காது, வழக்கமாக மூடியிருக்கும் பக்கம் மூடியே இருக்கும், நீங்கள் 'எல்லாம் நலம்' என்று படிப்பீர்கள்.

மூன்று டெர்மினலையும் கொண்டுவாருங்கள். இரண்டு உள்ளீடு. ஒன்று திறந்தால் மற்றது மூட வேண்டும். 0-1 என்றால் சுதந்திரம், 1-0 என்றால் கட்டுப்பாடு. 0-0 வந்தால் வயர் அறுந்திருக்கிறது, 1-1 வந்தால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டி செத்துப்போவதை இதுவும் பிடிக்காது. அதற்குப் பெட்டியில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று தனிக் கான்டாக்ட் இருந்தால் அதையும் எடுங்கள். இல்லையென்றால் பெட்டிக்குக் கரண்ட் போகும் அதே பிரேக்கருக்குப் பின்னால் ஒரு சின்ன ரிலேயை மாட்டி அதன் கான்டாக்டைப் படியுங்கள்.

4–20 மில்லி ஆம்பியர் சிக்னலில் இந்த அழகு பிறவியிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பே 4. பூஜ்யம் வந்தால் அது மதிப்பல்ல, அறுந்த வயர். பூஜ்யத்துக்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் வடிவமைத்தது.

ஈரிழை:

அண்ணா, இங்கே உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். வயர் அறுந்தால் காலவரையில்லாமல் கட்டுப்பாடு என்று வைத்தால், எலி கடித்த ஒரு வயருக்காக ஒருவர் வாரக்கணக்கில் பாதி வேகத்தில் கார் ஏற்ற வேண்டியிருக்கும். மின் நிர்வாகக் கருவிகள் பேசிக்கொள்ளும் ஈஈபஸ் முறையை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். இதயத்துடிப்பு மாதிரி 60 விநாடிக்கு ஒரு செய்தி வர வேண்டும். 120 விநாடி வராவிட்டால் கருவி பத்திர எல்லைக்கு இறங்கும். அந்த நிலை குறைந்தது 2 மணி நேரம், அதிகபட்சம் 24 மணி நேரம். அது முடிந்தும் தொடர்பு திரும்பவில்லை என்றால் கருவி தன்போக்கில் ஓடலாம். நெருக்கடி என்பது மணிக்கணக்கில் இருக்கும், நிரந்தரமாக இருக்காது என்ற நியாயம். கிரிட்டுக்கும் பாதுகாப்பு, வீட்டுக்காரருக்கும் நியாயம்.

ரிலேக்காரர்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கெடு வைப்பதை ஏற்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: கெடு ஓடத் தொடங்கியதும் யாருக்காவது அலாரம் போக வேண்டும். அலாரம் இல்லாமல் 2 மணி நேரத்தில் அவிழ்ந்துவிடும் பாதுகாப்பு என்றால், அந்த வயர் அறுந்தது அடுத்த நெருக்கடி வரை ஒருவருக்கும் தெரியாது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அறுந்த அன்றைக்கு வெளியே தெரியவில்லை.

மின்னோடையின் இடத்தில் எல்லை மொத்த இணைப்புக்கும் சேர்த்து. அங்கே தாண்டினால் மெயின் ஃபியூஸும் பாதிக்கும் என்றால் கெடு வேண்டாம் என்பேன். எது எதற்காகப் போட்ட எல்லை என்று பார்த்து முடிவெடுங்கள்.

தாமிரத்தந்தி:

விடுவிக்கும் நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். சிக்னல் நீங்கிய அதே விநாடியில் அந்தத் தெரு முழுக்க எல்லாச் சார்ஜரும் முழு வேகத்துக்குத் தாவினால், தவிர்க்கப் பார்த்த உச்சம் அப்போதுதான் வரும். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த ஸ்மார்ட் சார்ஜர் விதிகளில், 10 நிமிடம் வரை ஏதோ ஒரு சீரற்ற தாமதம் கட்டாயம். இஎம்எஸ்ஸில் ஒரே வரி: 0 முதல் 600 வரை ஓர் எண்ணை எடு, அவ்வளவு விநாடி பொறு, பிறகு படிப்படியாக ஏற்று. இறங்குவது உடனே, ஏறுவது நிதானமாக.

வெப்ப பம்பைச் சார்ஜர் மாதிரி நினைக்க வேண்டாம். கம்ப்ரசரைச் சட்டென்று நிறுத்தி, மூன்று நிமிடத்தில் ஓட்டி, மறுபடி நிறுத்தினால் ஆயுள் குறையும். எஸ்ஜி ரெடி கான்டாக்ட் (வெப்ப பம்புக்கு வெளியிலிருந்து கட்டளை சொல்லும் முனை) இருந்தால் அதன் வழியாகச் சொல்லுங்கள். இரண்டு கான்டாக்ட், நான்கு நிலை: தடை, இயல்பு, ஊக்கம், கட்டாய ஓட்டம். எப்போது நிறுத்துவது என்பதைப் பம்ப் தானே பார்த்துக்கொள்ளும்.

மின்னோடை:

பத்து நாள் கழித்து வருகிறேன். செய்ததை எழுதிவிடுகிறேன், அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும்.

வயரைத் தனிக் குழாயில் மாற்றி, 24 வோல்ட் ஆப்டோ உள்ளீடு போட்டேன். துள்ளல் அன்றே நின்றது. ரிலேயின் மூன்று டெர்மினலையும் எடுத்து இரண்டு உள்ளீடாகப் படிக்கிறேன். பெட்டியின் பிரேக்கருக்குப் பின்னால் சின்ன ரிலேயும் மாட்டியாச்சு. கெடு வைக்கவில்லை, எங்கள் மெயின் ஃபியூஸில் இடம் குறைவு. கோளாறு வந்தால் வாசலில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், என் போனுக்கும் செய்தி வரும்.

நேற்று இரண்டு காரையும் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். மீட்டரில் 26.8 கிலோவாட். ஜம்பர் போட்டதும் நான்கு விநாடியில் 11.3. எடுத்ததும் 212 விநாடி பொறுத்து மெதுவாக ஏறியது. ஒரு வயரை டெர்மினலிலிருந்து கழற்றினேன்: 0-0, சிவப்பு விளக்கு, 11.3. பெட்டியின் பிரேக்கரை இறக்கினேன்: அதே.

அப்புறம் இஎம்எஸ் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். முதல் சார்ஜர் 60-ஆவது விநாடியில் 6 ஆம்பியருக்கு இறங்கியது. இரண்டாவது அசையவே இல்லை, 16 ஆம்பியரிலேயே ஓடியது. அமைப்பில் 0 என்று போட்டிருந்தேன். அந்த மாடலில் 0 என்றால் 'இந்த வசதி வேண்டாம்' என்று அர்த்தமாம், கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு வரியில் இருக்கிறது.

ரிலேக்காரர்:

பிடுங்கிப் பார்த்தீர்களே, அதுதான் வேலை. அந்த மாடலில் குறைந்தபட்சம் எவ்வளவு போட விடுகிறது?

மின்னோடை:

6. அதற்குக் கீழே ஏற்கவில்லை. அதனால் அந்தச் சார்ஜரின் லைனில் ஒரு கான்டாக்டர் (லைனையே துண்டிக்கும் பெரிய ரிலே) போட்டுவிட்டேன். இஎம்எஸ் 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு டைமர் ரிலேயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது 60 விநாடி நின்றால் கான்டாக்டர் விடும். இன்று காலை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கவில்லை, இஎம்எஸ் நிரலையே நிறுத்தினேன். முதல் சார்ஜர் 6 ஆம்பியர், இரண்டாவது நின்றது, மீட்டரில் 9.2.